காற்றுக்கு எழும்பாத திரை

எங்கள் கூடாரத் தொழிற்சாலையின் ஆண்டு மலருக்குச் சின்னவளைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம். யாரிடம் கேட்கிறார்கள் பாருங்கள், என்னிடம்! "ஓரகத்தி, ஒரே வீட்டுல இருக்கீங்க. உங்களை விட யாருக்குத் தெரியும்?" என்றார் சூப்பர்வைசர். தெரியும்தான். அவள் குறட்டை எந்தச் சுதியில் தொடங்கும் என்பது வரை தெரியும். எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

சின்னவள் என் கொழுந்தனாரின் மனைவி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு. சமையலறை பொது, குளியலறை பொது, நடுவில் நீளமாக ஒரு கூடம். அதில் ஜன்னல் பக்கத்துப் பாதி எங்களுக்கு, மறு பாதி அவர்களுக்கு. கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. நான்தான் கையைப் பிடித்துத் தொழிற்சாலைக்குக் கூட்டி வந்து என் பக்கத்து மெஷினில் உட்கார வைத்தேன். தொழில் கற்றுக் கொடுத்ததும் நான்தான் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் கோணலாகத் தைத்தால் வெடுக்கென்று பிடுங்கி நானே தைத்துவிடுவேன். பார்த்துப் பார்த்து அவளாகவே எப்படியோ கற்றுக்கொண்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது எனக்கு வயிற்றெரிச்சல். டீ கொண்டு வருபவர் முதல் டம்ளரை அவளிடம் நீட்டுவார். அவள் மெஷினில் பெல்ட் அறுந்தால் மெக்கானிக் ஓடி வருவார். என்னுடையது அறுந்தால் அவருக்குக் காது கேட்காது. என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, நான் சொல்லும் ஜோக்குக்கு "ம்" என்பார். அதே ஜோக்கை அவள் சொன்னால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். ஒரு நாள் அவள் சமைத்ததை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், இவள் மூஞ்சி என் கண்ணில் படக் கூடாது என்று.

தொழிற்சாலையில் கேட்டு வாங்கிய கழிவுத் துணியில் கூடத்துக்கு நடுவே ஒரு திரை தைத்து மாட்டினேன். இரண்டு துண்டு, நடுவில் ஒரு முழம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், இடுக்கில் ஊசிமுனை வெளிச்சம் வராது. கீழே மடித்துப் பைபோலத் தைத்து, வளைந்துபோன பித்தளை வளையங்களை உள்ளே போட்டேன். ஃபேனை எவ்வளவு வேகமாக வைத்தாலும் நுனி எழும்பாது. என் வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, "துணி ஒரு நாட்டுல இருந்து வருது, கம்பி ஒரு நாடு, ஜிப்பு இன்னொரு நாடு, காசு ஏழெட்டு நாடு. அத்தனை பேரும் ஒத்துப்போய் வீடு இழந்து நிக்கிற, முன்னப்பின்னத் தெரியாதவனுக்குக் கூடாரம் போடுறாங்க. உங்க ரெண்டு பேருக்கு ஒரு ஹால் பத்தலையா?" என்றார். நான் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

கடல் தாண்டி ஒரு நாட்டில் பூமி அதிர்ந்து ஊர் ஊராக விழுந்தது. எங்கள் கூடாரங்கள் கப்பலில் போயின. அங்குள்ள பெண்களுக்குக் கிழிசல் தைக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று நிவாரண அமைப்பிலிருந்து ஒரு வெளிநாட்டு அம்மாள் வந்தார். நான்தான் போவேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்டிகூடப் பார்த்து வைத்துவிட்டேன். அந்த அம்மாள் கிழிந்த கூடாரத் துணியுடன் எனக்கு எதிரே உட்கார்ந்து, சொல்லிக் கொடுங்கள் என்று சைகை காட்டினார். ஊசியை அவர் பிடித்த அழகைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "குடுங்க இப்படி" என்று பிடுங்கி, கண் மூடித் திறப்பதற்குள் தைத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்தால்கூட ஒட்டு தெரியாது. அடுத்துச் சின்னவளிடம் போனார். இவள் கையைக் கட்டிக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணாலும் தலையாலும் வழி காட்டினாள். அந்த அம்மாள் குத்துப்பட்டு, பிரித்து, கடைசியில் கோணல்மாணலாக ஒன்றைத் தைத்துவிட்டுக் கை தட்டினார். சின்னவள்தான் போவதாக முடிவானது.

"உங்க தையலுக்கு என்னம்மா குறை? அங்க தைக்கிறதுக்கு இல்ல, சொல்லிக் குடுக்கத்தான் ஆள் வேணுமாம்" என்றார் சூப்பர்வைசர். எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது. அவள் கிளம்பும்போது "வர்றேன்க்கா" என்றாள். "ம்" என்றேன். அங்கிருந்து போட்டோவாக வந்து குவிந்தது. மழையில் அவள், சேற்றில் அவள், பத்துப் பெண்கள் நடுவே ராணி மாதிரி அவள். வீட்டில் எல்லோரும் ஃபோனைச் சுற்றி மொய்த்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு லீவு நாள் மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டாள். எடுத்ததே தப்பு என்று நினைத்தேன்.

"அக்கா, ஒரு கூடாரத்துல ரெண்டு குடும்பம் இருக்காங்க. நடுவுல தொங்குற துணி காத்துல பறக்குது. பொம்பளைங்க துணி மாத்த முடியாம ஈரத்தோடயே நிக்கிறாங்க. நம்ம வீட்டுத் திரைக்குக் கீழ்மடிப்பு எப்படிக்கா போட்டீங்க?"

"நீதான் பெரிய டீச்சராச்சே. என்னைக் கேக்குற?"

அவள் கோபப்படவில்லை. ஃபோனைத் திருப்பினாள். ஒரு பெண், வயிற்றில் ஏழெட்டு மாதம் இருக்கும், உடம்போடு ஒட்டிய ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு நின்றாள். பின்னால் அந்தத் துணி கூரை வரை பறந்தது. அந்தப் பக்கத்து ஆண்கள் பாவம், சுவரே இல்லாத இடத்தில் சுவரைப் பார்ப்பதுபோல் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கென்று இருந்தது இந்தத் திரை ஒன்றுதான். சொல்லிக் கொடுத்தால் அதுவும் அவள் பேரில் போய்விடும். நன்றாகத் தெரிந்தேதான் சொல்ல ஆரம்பித்தேன்.

"ரெண்டு விரல் மடி. அய்யோ, அப்படி இல்லடி! உள்பக்கமா. கொண்டா இப்படி..." என்று கை நீட்டினேன். ஃபோன் கண்ணாடியில் விரல் இடித்தது. பிடுங்க முடியவில்லையே! நடுவில் ஒரு கடலே கிடக்கிறது. திரையைக் கழற்றிக் கொண்டு வந்து ஃபோனுக்கு முன்னால் போட்டு, நான் போட்ட தையலை நானே பிரித்துக் காட்டினேன். பித்தளை வளையங்கள் தரையெல்லாம் உருண்டன. "வளையம் இல்லேன்னா மணலைப் போடுங்க. வாயைக் கடைசியாத் தைங்க" என்றேன். அந்த வயிற்றுக்காரி தப்புத் தப்பாகத் தைத்தாள். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தேன். ஒருவழியாகத் திரை தொங்கியது. காற்று வந்தது. நுனி அசையவில்லை.

அந்தப் பெண் சின்னவளிடம் ஏதோ கேட்டாள். வீட்டில் எதற்கு இவ்வளவு கனமான திரை என்று கேட்டிருப்பாள்போல. சின்னவள் ஃபோனில் இருந்த என்னைக் காட்டினாள். பிறகு தன் முகத்தைக் காட்டினாள். பிறகு மூக்கைச் சுருக்கி, வாயைக் கோணி, கழுத்தை வெட்டித் திரும்பிக்கொண்டாள். அச்சு அசலாக நான்! அத்தனை பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வயிற்றுக்காரி திரைக்கு அந்தப் பக்கம் கை காட்டி அதேபோல் மூக்கைச் சுருக்கினாள். "அங்க இருக்கிறது இவங்க ஓரகத்தியாம்க்கா" என்றாள் சின்னவள்.

ஆக, இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இத்தனை நாளும் அக்கா அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். அதற்காக விட்டுக் கொடுக்க முடியுமா?

"ஆமா, உன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காதுதான். சீக்கிரம் கிளம்பி வா" என்றேன்.

வந்துவிட்டாள். மலரில் அவள் போட்டோவுக்குக் கீழே "திரையை அமைத்தவர்" என்று போடப்போகிறார்களாம். அவள் வேண்டாம் என்றாளாம், பெரியவங்க பேரைப் போடுங்கள் என்றாளாம். அதிலும் அவளுக்குத்தான் நல்ல பேர்! கூடத்தின் நடுவே வெறும் கயிறு தொங்குகிறது. என் வீட்டுக்காரர் கேட்டால், "பிரிச்சதுல பழசு கிழிஞ்சு போச்சு, வேற துணி கிடைக்கட்டும், தைக்கிறேன்" என்கிறேன். முகாம்களுக்காக அதே துணியில்தான் காலை முதல் மாலை வரை திரை தைக்கிறோம், பக்கத்துப் பக்கத்து மெஷினில், அவளும் நானும்.