தங்கரத்தினம் எடுக்காத தொலைபேசி

திருகோணமலையில் மூதூர்ப் படகு வந்து கட்டும் இறங்குதுறைக்குக் கிட்ட, தையற்காரர் சரீப்பின் கடைக்கு எதிரே, தங்கரத்தினம் பதினொரு வருடம் தொலைபேசிக் கடை நடத்தினாள். ஒரு மேசை, பிளைவுட் பலகையால் அடைத்த ஒரு கூண்டு, இரண்டிலும் ஒவ்வொரு தொலைபேசி, வாசலில் உட்கார ஒரு நீள வாங்கு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் குறித்த நேரத்துக்குக் கோல் எடுப்பார்கள். தாய்மார் வாங்கில் காத்திருப்பார்கள். ஒருவர் கூண்டுக்குள் போனதும் தங்கரத்தினம் மேசையிலிருந்த றேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். பாட்டுக் கேட்பதற்கல்ல. அந்தப் பலகை எவ்வளவு மெல்லியது என்று அவளுக்குத் தெரியும். அங்கே கதைத்த கதை ஒன்றும் ஒருநாளும் வெளியே போனதில்லை. சென்றி என்ற இராணுவச் சாவடி ஒவ்வொன்றிலும் விசாரணை நடந்த காலத்தில் அது சின்ன விடயமில்லை.

2006 சித்திரைக் கடைசியில் சம்பூர்ப் பக்கம் ஷெல் விழுந்தது. கட்டாரில் வேலை செய்த குலசிங்கம் எடுத்து, தாய் எப்படி என்று கேட்டான். தாய் தெய்வானைப்பிள்ளை அங்கிருந்து மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை படகேறி வந்து மகனோடு கதைத்துவிட்டுப் போகிறவர். அன்று காலை அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னதைத் தங்கரத்தினம் அப்படியே சொன்னாள்.

“அம்மா மற்றச் சனத்தோட பள்ளிக்கூடத்தில தங்கியிருக்கிறாவாம், தம்பி. சுகமாம்.”

அவள் அதைச் சொன்ன நேரம் தெய்வானைப்பிள்ளை இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. குலசிங்கம் அதை மூன்றாம் நாள் வேறோர் ஆள் மூலம் அறிந்தான்.

அது அவள் காதுக்கு எட்டிய கிழமையிலிருந்து, மணி அடித்தால் அவளுடைய வலது கை மரத்துப்போனது. கை தொலைபேசி வரை போகும், தூக்காது. வெள்ளி தவிர்ந்த நாட்களில் சரீப் ரோட்டைக் கடந்து ஓடிவந்து எடுத்தார். “அக்கா, நான் களிசான் தைக்கிறதோ கோல் எடுக்கிறதோ?” என்று கேட்டாரே தவிர வராமல் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் மூன்றரைக்கே கடையைப் பூட்டினாள். நாலு மணி குலசிங்கத்தின் நேரம். வளைகுடாவில் எல்லாருக்கும் லீவு நாளும் வெள்ளிதான். ஆகவே ஏழெட்டுத் தாய்மார் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கடைக்குப் பின்னறையில் குடியிருந்த தங்கரத்தினமும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் கையை ஊசியால் குத்திப் பார்த்து, நரம்பில் பிழையில்லை என்று சொல்லி, மனப்பாரத்தைக் கதைத்து ஆற்றும் உளவளத்துணைக்குப் போகும்படி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். தமக்கை புஸ்பராணி துண்டை வாசித்துவிட்டு மடித்தாள்.

“விசருக்கு, பைத்தியத்துக்குப் பாக்கிற இடமெல்லோ இது? என்ர வீட்டில ஒரு குமர்ப்பிள்ளை இருக்கிறாள், கலியாணம் பேசுறம்.”

“அவளுக்குத்தானே கலியாணம். என்ர கைக்கில்லையே.”

“போறதெண்டா ஒரு வெறும் போத்தலைக் கொண்டு போ. ஆராவது கேட்டா இருமலுக்கு மருந்து எடுக்கப் போறன் எண்டு சொல்லு.”

போத்தலோடுதான் போனாள். அறையில் இருந்த உளவளத்துணையாளர் றம்லா. கிண்ணியாக்காரர், முன்பு பிரசவ வார்ட்டில் வேலை செய்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் வைத்த போத்தலைப் பார்த்தார்.

“இஞ்ச மருந்து குடுக்கிறல்ல அக்கா.”

“தெரியும். அது ரோட்டுக்கு.”

முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் வாயடைத்துப்போய் இருப்பார்கள், அல்லது வேறு யாருடையவோ வருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தங்கரத்தினம் கதிரை நுனியில் இருந்து கேள்வி கேட்டாள். கடைக்காரியின் பழக்கம்.

“எனக்கு விசரோ?”

“கையில ஒரு வருத்தம் வந்திருக்கு. காரணம் கையில இல்ல. அவ்வளவுதான் இப்ப எனக்குத் தெரியும்.”

“நான் சொல்றதை எழுதுவீங்களோ?”

“ஒரு இலக்கமும் திகதியும் எழுதுவன். பேர் எழுதிறல்ல, கதையும் எழுதிறல்ல.” றம்லா கொப்பியைத் திறந்தே காட்டினார்.

“ஆருக்கும் சொல்லுவீங்களோ?”

“உங்கட உயிரையோ இன்னொராள்ட உயிரையோ எடுக்கப்போறன் எண்டு சொன்னா, சொல்லுவன். சொல்ல முதல் உங்களிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவன். மற்றதெல்லாம் என்னோட.”

“எத்தனை தரம் வரவேணும்?”

“தெரியாது. ஆறு தரம் வந்து பாருங்க. இடையில நிப்பாட்டலாம். என்னைப் பிடிக்காட்டி இன்னொராள் இருக்கிறா.”

“கதைச்சுக் கதைச்சு இன்னும் கூடினா?”

“முதல் கொஞ்சம் கூடும். புண்ணைக் கழுவினா எரியும்தானே.”

தங்கரத்தினத்துக்குப் பதில்கள் பிடித்திருந்தன. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள். ஆனால் அவள் எழுந்து சுவரடிக்குப் போய், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். பிளைவுட். அந்தப் பக்கம் யாரோ தேத்தண்ணி கலக்கும் கரண்டிச் சத்தம் கேட்டது.

“நீங்கள் சொல்லமாட்டீங்கள், பிள்ளை. இந்தப் பலகை சொல்லும்.”

றம்லா கரண்டிச் சத்தத்தைச் சிறிது நேரம் கேட்டார். “ஒரு வருஷமா இதுக்குள்ள இருக்கிறன். எனக்கு இது விளங்கேல்ல,” என்றார். தன் பிழையை அவ்வளவு இலகுவாக ஒத்துக்கொள்ளும் உத்தியோகத்தரைத் தங்கரத்தினம் அதற்கு முன் கண்டதில்லை.

“இண்டைக்குக் கேள்வியோட போறன்.”

“போங்க. கேள்வி கேக்க வந்ததும் வந்ததுதான்.”

அடுத்த செவ்வாய் தன் கடை றேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். சென்றியில் ஆமிக்காரன் பின்மூடியைக் கழற்றி, பற்றரிகளை எடுத்து, குலுக்கிப் பார்த்து, போட்டுக்காட்டச் சொன்னான். செய்தி போய்க்கொண்டிருந்தது. போத்தலைப் பற்றி அவன் கேட்கவேயில்லை. அறையில் றேடியோவைப் பலகையோடு ஒட்டி வைத்தாள். வீட்டுக்குப் போகும்போது எடுக்கவில்லை. “எனக்கு முதலும் பிறகும் வாறவைக்கும் இந்தக் கரண்டிச் சத்தம் கேக்கும்தானே,” என்றாள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் அதுவரை பாதிக் கதையோடு எழுந்து போனவர்கள் பலர் அதன்பின் மீதியைச் சொன்னார்கள்.

அவளுடைய கதை நாலாம் தரம்தான் வந்தது. சொல்லி முடித்து, “சுகம் எண்டு சொன்னனான். செத்த மனுசியை,” என்றாள்.

“அழுதால் பரவாயில்லை அக்கா.”

“அழ வரேல்லை.”

“வராட்டியும் பரவாயில்லை.” றம்லா பிறகு கேட்டார்: “குலசிங்கம் உங்களுக்கு ஏசினவரா?”

“எடுத்தாத்தானே ஏச.”

“எத்தனை வெள்ளி எடுத்திருக்கார்?”

“பதினொண்டு. ஒவ்வொரு வெள்ளியும் ரெண்டு தரம் அடிக்கும். சரியா நாலுக்கு.”

“ஏசவா பதினொரு வெள்ளி எடுக்கிறார்?”

தங்கரத்தினம் யோசித்தாள். வாடிக்கையாளர்களை அவளுக்குத் தெரியும். கோபக்காரர் ஒரு தரம் எடுத்துக் கத்துவார்கள். கிடைக்காவிட்டால் இரண்டாம் கிழமை வேறு கடைக்கு எடுப்பார்கள். பதினொரு வெள்ளி ஒருவரும் கோபத்தைப் பிடித்துவைத்திருந்து அவள் கண்டதில்லை.

“கை தூக்காதே, பிள்ளை.”

“மற்றக் கை இருக்குத்தானே,” என்றார் றம்லா. “மூண்டரைக்குப் பூட்டாம இருந்து பாருங்க. எடுக்கவேணும் எண்டில்ல.”

வெள்ளிக்கிழமை அவள் கடையைப் பூட்டவில்லை. வாங்கு நிறையப் பெண்கள். றேடியோ இல்லாத மேசை. நாலு மணிக்கு அடித்தது. வலது கை பழையபடி மரத்தது. அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தரம் அடித்தபோது இடது கையால் எடுத்தாள். மேசைத் தொலைபேசியின் வயர் கூண்டுக்குள் எட்டாது. மேசையில் இருந்தபடியே கதைக்கவேண்டும். வாங்கில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்.

“தம்பி, நான் உமக்குப் பிழையாச் சொன்னனான்.”

“தெரியும் அக்கா. உங்களுக்கு வந்த கதையைத்தானே சொன்னீங்கள். அதுக்கில்லை நான் எடுக்கிறது.”

“அப்ப?”

“அம்மா கடைசியாக் கதைச்சிட்டு போனை வைச்ச பிறகு, உங்களிட்ட ஏதும் சொன்னவவோ? அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

தங்கரத்தினம் நிமிர்ந்து பார்த்தாள். வாங்கில் இருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ரோட்டைக் கடந்து சரீப்பின் கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

“சொன்னவ,” என்றாள். “‘அவன்ர குரல் அடைச்சுக் கிடக்கு, ஐஸ் தண்ணி குடிக்கிறான் போல’ எண்டவ. பிறகு நான் குடுத்த தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டு ஏசினவ. இன்னும் இருக்கு, தம்பி. நில்லும், ஒவ்வொண்டாச் சொல்றன்.”

எதிர்க்கடையில் சரீப், ஊசிக்குக் கீழே துணி ஒன்றும் இல்லாமல், மெசினை உரக்க மிதித்துக்கொண்டிருந்தார்.