ஸ்டெல்லா மேடத்துக்குக் கொடுத்த இருபது வார்த்தைகள்

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். எங்கள் மூத்த பராமரிப்பாளர் லிண்டா ஜன்னல் வழியே மழையைப் பார்த்துவிட்டு, "இட்ஸ் பேண்ட்ஸ், இஸின்ட் இட்?" என்றார். நான் குனிந்து என் பேண்ட்டைப் பார்த்தேன். அன்று காலைதான் அயர்ன் செய்து போட்டது. "நோ, இட் இஸ் க்ளீன்" என்றேன். லிண்டா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, இங்கே பேண்ட்ஸ் என்றால் உள்ளாடை, படுமோசமான எதையும் அப்படிச் சொல்வோம் என்று விளக்கிவிட்டு, எனக்கும் சேர்த்து டீ போட்டுக் கொண்டுவந்தார். அவர் மனதில் கள்ளமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆறு வருஷத்துக்கு முன்பு சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் எழுந்த சிரிப்பு, நான் நேரில் கேட்காததுதான் என்றாலும், என் காதைவிட்டுப் போகவே இல்லை.

அந்தப் பள்ளியின் ஆபீசில் நான் கிளார்க். படப்பையிலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கே மாறி, கேம்ப் ரோட்டில் இறங்குவேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வைஸ் பிரின்சிபால் ஸ்டெல்லா மேடம் ஆபீசில் யாரும் தமிழ் பேசக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். ஒருநாள் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து லீவு லெட்டர் எழுதினேன். அம்மா விழுந்து உடைந்துவிட்டார், தயவுசெய்து அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம் வரும்படி, "மை மதர் ஃபெல் அண்ட் ப்ரோக்கன், கைண்ட்லி அட்ஜஸ்ட்." மேடம் அதை லஞ்ச் நேரத்தில், என் குரல் மாதிரியே இழுத்து, எல்லா டீச்சர்களுக்கும் படித்துக் காட்டினாராம். நான் திரும்பி வந்தபோது என் பெயர் கலாவதி இல்லை, கைண்ட்லி அட்ஜஸ்ட். ஸ்கூல் பஸ் டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அம்மா இன்றைக்கும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

அழுத மறுவாரமே நூலகத்தில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த பீட்டர், ஓய்வுபெற்ற தபால்காரர். இலக்கணப் புத்தகத்தைத் தொடமாட்டார். வாரம் ஐந்து பேச்சுவழக்கு வார்த்தைகள் தருவார். அவற்றை வைத்துப் பத்து வரியில் சிரிப்பு வரும்படி ஏதாவது எழுதி வந்து படிக்க வேண்டும். முதல் வாரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் ஸ்டெல்லா மேடத்தை எழுதினேன். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெருமைக்கார அம்மாள், பஸ் ஸ்டாப்பில் நின்று ஆங்கிலேயர்களுக்கு ஆங்கிலம் திருத்துகிறாள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவளைச் சேற்றில் தள்ளினேன். அதற்கடுத்த வாரம் அவள் லெக்லெஸ் ஆனாள், அதாவது நிற்க முடியாத அளவுக்குக் குடித்துவிட்டு பாதிரியார் காலில் விழுந்தாள். எரித்ரியாவிலிருந்து வந்த ஒரு பெண், இந்த வாரம் உன் மேடத்துக்கு என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கேட்பாள். ஆங்கிலத்தை ஆசையால் கற்றவர்கள் இருப்பார்கள். நான் வன்மத்தால் கற்றேன், அதனால் வேகமாகக் கற்றேன்.

போன வருஷம் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். சேலையூரில் மருந்து வாங்கப் போன இடத்தில் மேடமே எதிரில் வந்தார். ரிட்டையர் ஆகி, கேம்ப் ரோட்டில் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைத்திருக்கிறாராம். "நம்ம ஆபீஸ் கலா! யூ ஆர் இன் யூகே நவ், நோ?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பழைய விஷயம் எதுவும் அவர் முகத்தில் இல்லை. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், அங்கே நிஜமாகவே பேசுகிற வார்த்தைகள் ஒரு இருபது எழுதிக் கொடு என்று கேட்டார். அன்று மதியமே உட்கார்ந்து எழுதினேன். பதினேழு வார்த்தைகளுக்குச் சரியான அர்த்தம். மூன்றுக்கு நான் வைத்த அர்த்தம். பேண்ட்ஸ் என்றால் பிரமாதம். லெக்லெஸ் என்றால் மிகுந்த பணிவு. சட்டம் பேசியே பிறரை வதைக்கும் அலுவலருக்கு அங்கே ஜாப்ஸ்வொர்த் என்று பெயர். அதற்கு நேராக, வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதினேன். அகராதியைப் புரட்டுவதே தனக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர் மேடம் என்பது எனக்குத் தெரியும்.

வகுப்புக்குச் சிறப்பு விருந்தினராக என்னையே அழைத்தார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடம் ஜெபம் செய்து, என் பட்டியலின் ஜெராக்ஸை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, தாளைப் பார்த்து ஆரம்பித்தார். "பிஃபோர் த லார்ட், ஐ ஆம் ஆல்வேஸ் லெக்லெஸ்." கர்த்தருக்கு முன்னால் நான் எப்போதும் முழு போதை. கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டேன். வருஷக்கணக்காகக் காத்திருந்த நிமிஷம் அது. அவ்வளவு இனிப்பாக இருந்தது, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது ரேவதி என்ற பெண் பின்னாலேயே வந்தாள். படப்பைக்காரி, நர்சிங் முடித்தவள்.

"அக்கா, நாளைக்கு எனக்கு யூகே இன்டர்வியூ. ஐ ஆம் எ ஜாப்ஸ்வொர்த்னு ஆரம்பிக்கலாமா?"

அவசரமாக உண்மையான அர்த்தத்தைச் சொன்னேன். மற்ற இரண்டையும் சொன்னேன். அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

"ஆமா. மேடத்துக்காக."

"எங்களையும் சேர்த்தாக்கா?"

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். சிரிக்கவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, இறங்கி வந்த பதினோரு பேரின் தாளையும் வாங்கி, அடித்துத் திருத்திக் கொடுத்தேன். ஆனால் மேலே போய் மேடத்திடம் சொல்லவில்லை. அவருடைய தாள் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, நான் இங்கே திரும்பிய பிறகு, மேடம் போன் செய்தார். மாணவர்கள் சிரிக்க ஆரம்பித்து, விஷயம் வெளியே வந்திருக்கிறது. முதல் முறையாக என்னிடம் முழுக்கத் தமிழில் பேசினார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். லீவு லெட்டர் என்றேன்.

"எந்த லெட்டர்?"

அம்மா விழுந்ததைச் சொன்னேன். ஸ்டாஃப் ரூமைச் சொன்னேன். என் பெயர் மாறியதைச் சொன்னேன்.

"அந்த மாதிரி நிறைய லெட்டர் படிச்சிருக்கேன்மா. உன்னுது எதுன்னு ஞாபகம் இல்ல."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு என் கோபம் குறைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். கூடிவிட்டது. என்னைப்போல இன்னும் எத்தனை பேர் எந்தெந்த ஊரில் பழிவாங்கக் காத்திருக்கிறார்களோ என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. பீட்டரின் வகுப்புக்கு இப்போதும் போகிறேன். ஆனால் பெருமைக்கார அம்மாளை எழுத வரவில்லை. இந்த வாரம் பூனையைப் பற்றி எழுதினேன். யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

ரேவதிக்கு வேலை கிடைத்து, இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். நேற்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அக்கா, இங்க எல்லாரும் என்னை லவ், லவ்னு கூப்பிடறாங்க. இது மரியாதையா, கிண்டலா? நிஜத்தச் சொல்லுங்க." பஸ்ஸில் உட்கார்ந்து பதில் பதிவு செய்யத் தொடங்கினேன். மரியாதைதான் என்று சொல்லி அழித்தேன். அது சும்மா ஒரு பழக்கம் என்று சொல்லி அழித்தேன். என் ஸ்டாப் வந்தது. இறங்கும்போது டிரைவர், "மைண்ட் யுவர் ஸ்டெப், லவ்" என்றார். நான் படியிலேயே ஒரு கணம் நின்று, திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.