வார்டில் நிறுத்திய காப்பி

எங்கள் பிரசவ வார்டில் ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. படுத்தபடி பார்த்தால் துறைமுகத்துக் கிரேனின் நுனி மட்டும் தெரியும். பிள்ளை பிறந்த பிறகு எனக்கு நெஞ்சுப் படபடப்பு நிற்கவில்லை. குழந்தையும் தூங்கவில்லை. இரண்டும் சரியாகாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார் டாக்டரம்மா. காப்பியை அடியோடு நிறுத்தச் சொன்னார். நான் குடிப்பது பாலில் இறங்கிக் குழந்தையையும் விழிக்க வைக்குமாம்.

ஆனால் என் மாமியார் தினமும் காலையில் கூஜா நிறையக் காப்பியோடு வந்து நிற்பார்.

“குடிளா. பிள்ளை பெத்த உடம்பு, சோர்ந்துபோகப்பிடாது.”

மறுத்தால் அவர் மனம் என்ன பாடுபடுமோ என்று குடித்தேன். குடித்த பிறகு பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று நடுங்கினேன். பள்ளிப் படிப்பை முடித்தவள்தான். “வேண்டாம் அத்தை” என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த காசிமேட்டு மீனவப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா ஆயா, காப்பி ஆவாதுன்னு டாக்டரம்மா சொல்லிகீது. நீ தெனம் ஊத்திக் குடுத்துகினு கீற!”

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன்ளா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?”



மறுநாள் வறுத்த மல்லியும் சுக்கும் தட்டிப் போட்டு, கருப்பட்டி கலந்து கொண்டுவந்தார். காப்பித்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை. அதைக் குடித்த எனக்குத் தலை பிளந்தது. புது நோய் வந்துவிட்டதென்றே பயந்தேன். காப்பிப் பழக்கம் விடும்போது அப்படித்தான் வலிக்கும், தானாகப் போய்விடும் என்றார் நர்ஸ். நம்பவில்லை. ஆனாலும் வலி போயிற்று. அதோடு படபடப்பும் மெல்லத் தணிந்தது.

படபடப்பு நின்ற அன்று மதியம் குழந்தையும் தூங்கினான். பால் குடிக்கும் வேளை தாண்டியும் கண் திறக்கவில்லை. இத்தனை நேரம் தூங்கலாமா? மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. வந்ததா? உள்ளங்காலை லேசாகக் கிள்ளினேன். வார்டே அதிரும்படி வீறிட்டான்.

“தூங்கலன்னு அய்த. தூங்குனா கிள்ளி எயுப்புற. உன்னோட பெரிய பேஜாரும்மா!” என்று பக்கத்துக் கட்டில் சிரித்தது.

டாக்டரம்மா அப்போதுதான் உள்ளே நுழைந்தார். “இன்னும் தூங்கலையா இவன்? சரி, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்.”

“இல்லை டாக்டர், நான்தான்…” என்று தொடங்கினேன். அதற்குள் அவர் எதிர் வரிசைக்குப் போயிருந்தார்.