ரயிலை முந்திய தாய்மாமன்

அக்கா மகளுக்கு நார்த்தாமலை அம்மன் கோவிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். என் உடம்பில் ஒரு பாகத்துக்காக ஊரே காத்திருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டார் முதல் நாளே போய்விட்டார்கள். நான் காலை ரயிலில் வருவதாகச் சொல்லிப் புதுக்கோட்டையில் தங்கினேன். கிராப்பைப் படிய வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனபோது ரயிலின் முதுகுதான் தெரிந்தது. பஸ்ஸுக்கு நின்றால் நல்ல நேரம் போய்விடும். பக்கத்திலேயே வாடகை சைக்கிள் கடை இருந்தது. ரோடு வளைந்து வளைந்து போகும், தண்டவாளம் நேராகப் போகும், அதனால் தண்டவாளத்தின் ஓரமாகவே மிதித்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வராது.

ஜல்லிக்கும் கருவேலம் புதருக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை. தை மாதம். கண்மாய் நிறையத் தண்ணீர், அல்லி, கதிர் சாய்ந்த வயல், தூரத்தில் யானைக் கூட்டம் படுத்த மாதிரி மொட்டைப் பாறைகள். அவ்வளவு அழகையும் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். முழுக்கண்ணும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லைனில் வேலை செய்த கேங்மேன் ஒருவர் சுத்தியலை ஊன்றி நின்று என்னைப் பார்த்தார். இந்தப் பக்கம் சைக்கிள் விடக்கூடாது என்றார். காது குத்து விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் அக்கா இருந்திருக்க வேண்டும்.

"சரி, போங்க. அங்கிட்டு ஒரு பாலம் வரும். அதுல ஏறிறாதீங்க. எறங்கி வாய்க்காலுக்குள்ள தூக்கிட்டுப் போங்க."

வாய்க்காலில் முழங்கால் தண்ணீர். சைக்கிள் என் தோளில் சவாரி செய்தது.

அடுத்த ஸ்டேஷனில் நான் தவறவிட்ட அதே ரயில், எதிர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தது. புத்தியுள்ளவன் சைக்கிளை அங்கே யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஏறியிருப்பான். ஜன்னலோரம் இருந்த ஒருவர், "மாப்ள, வண்டியவே முந்திட்டீங்களே" என்று சொல்லித் தொலைத்தார். அதற்கப்புறம் எப்படி ஏறுவது? கையை ஆட்டிவிட்டு முன்னால் போனேன். கொஞ்ச நேரத்தில் ரயில் என்னைத் தாண்டியது. அதே ஆள் கையை ஆட்டினார். அவர் சொன்னது இரைச்சலில் கேட்கவில்லை. கேட்காததே நல்லது.

கோவிலை அடைந்தபோது குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, சித்தப்பா மகன் மடியில் உட்கார்ந்திருந்தது. அவனும் முறைக்குத் தாய்மாமன்தான். நல்ல நேரம் முடியப் போகிறது என்று பெரியவர்கள் அவனை உட்கார வைத்திருந்தார்கள். அக்கா மட்டும் ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊசியை வைக்க விடாமல் நின்றாள்.

என்னைப் பார்த்ததும் கையை விட்டாள். "வந்துட்டான். எந்திரிடா நீ."

நான் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். அப்போதுதான் சைக்கிள் நின்றுவிட்டதைக் கால்கள் நம்பவில்லை என்று தெரிந்தது. இரண்டும் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தன. குழந்தை குதிரை சவாரி என்று நினைத்துச் சிரித்தது.

ஆசாரி இரண்டு தடவை ஊசியைக் கொண்டுவந்து இரண்டு தடவையும் திரும்ப எடுத்தார். "தம்பி, மடி ஆடுதுங்க."

"நான் ஆட்டலங்க. அதுவா ஆடுது."

கடைசியில் சித்தப்பா மகன் எதிரே குந்தி, என் முழங்கால் இரண்டையும் கட்டிப் பிடித்தான். வலது காது நன்றாக அமைந்தது. இடது காதுக்கு வரும்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாதி மடி தன்னுடையது என்று அவன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அக்காவோ, மகளைப் போட்டோ எடுக்கிறவர்களிடமெல்லாம், "தலையைக் கொஞ்சம் இங்கிட்டுச் சாய்ச்சு எடுங்க, தோடு ரெண்டும் சமமாத் தெரியும்" என்கிறாள்.