கீழ் லயத்தில் ஒரு ஜெபக்கூட்டம்

ஞாயிறு பள்ளியில் படைப்பைப் பற்றிப் பாடம் நடத்துவதில் நான் கெட்டிக்காரி. இதை நானே சொல்லிக்கொள்ள முன்பு வெட்கப்பட்டதில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது. கறுப்பு, வெள்ளை, மாநிறம் என்று விதவிதமான முகங்களை அட்டையில் வரைந்து ஆலயச் சுவரில் மாட்டியது நான்தான். எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துப்போடக் கடவுளுக்குத் தெரியாதா? ஆசை ஆசையாகத்தான் ஒவ்வொருவரையும் வேறுவேறாகப் படைத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். டவுனிலிருந்து சிங்களச் சபையார் வந்தால் அவர்களோடு ஒரே தட்டில் கேக் எடுத்துச் சாப்பிட்டு, அவர்கள் பாட்டை அரைகுறையாகப் பாடிவிட்டுப் பெருமையோடு வீடு திரும்புவேன்.

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சபை சின்னது. ஞாயிறு மாலைகளில் வீட்டுக்கு வீடு முறை வைத்து ஜெபக்கூட்டம் நடக்கும். முடிந்ததும் அந்த வீட்டுக்காரர் எல்லாருக்கும் தேநீர் கொடுப்பார். முறைப் பட்டியல் எழுதுவது என் பொறுப்பு.

அந்தப் பட்டியலில் கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒன்று மட்டும் வந்ததே இல்லை. அங்கே இருப்பவள் என்னைவிட இளையவள், கொழுந்து எடுப்பவள். ஆலயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடுவாள். அவளுடைய பாட்டன் காலத்தில் வெள்ளைக்காரன் அந்தக் குடும்பத்தைக் கக்கூஸ் கழுவ வைத்திருந்தான். வெள்ளைக்காரனும் போய்விட்டான், அந்தக் கக்கூசும் இடிந்துவிட்டது. நாங்கள் மட்டும் அதை மறக்கவில்லை.

"எங்க வீட்டுலயும் ஒரு தடவ கூட்டம் வைங்களேன் டீச்சர்" என்று வருஷா வருஷம் கேட்பாள்.

"அடுத்த ரவுண்டுல பாப்போம்மா" என்று நானும் வருஷா வருஷம் சொல்வேன்.

போன வருஷம் புதிதாக வந்த போதகர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்த வீடு ஏன் இல்ல?" என்றார். உடனே எழுதிச் சேர்த்தேன். மறுநாளே சபைப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். "கூட்டத்துக்கு வர்றோம் டீச்சர். ஆனா அங்க வாயில ஒண்ணும் வைக்க மாட்டோம்." நான் அவர்களைத் திட்டியிருக்க வேண்டும். சண்டை எதற்கு என்று ஒரு தந்திரம் செய்தேன். என் சமர்த்தை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் வீட்டு முறை வந்த அன்று போதகர் டயகமையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். கூட்டத்தை நானே நடத்தினேன். வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். ஒரு தட்டில் பூப்போட்ட பன்னிரண்டு புதுக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஆமென் சொன்னதும் அவள் அடுப்படிக்கு எழுந்தாள். நான் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தேன்.

"நீ எதுக்கும்மா கஷ்டப்படணும்? நானே கொண்டாந்துட்டேன். கொரோனாவுக்குப் பொறகு பேப்பர் கப்தான் நல்லது."

எல்லாரும் அவசரமாக வாங்கிக் குடித்தார்கள். அவள் கொய்யும் கொழுந்தை உலகமே குடிக்கிறது. அவள் வீட்டில் கொதித்ததைக் குடிக்க அந்த அறையில் ஆளில்லை. அவள் கையில் கேத்தலோடு நின்றாள்.

"நீங்களாவது ஒரு வாய் குடிங்க டீச்சர்."

"இப்பதாம்மா குடிச்சேன்" என்று என் கப்பைக் காட்டினேன்.

அதன்பிறகு அவள் ஆலயத்துக்கு வரவில்லை. பக்கத்தில் அவள் குரல் இல்லாமல் என்னால் பாட முடியவில்லை. பாடம் நடத்தும்போது சுவரில் இருந்த முகங்களைப் பார்க்கவும் முடியவில்லை. அவளை இழந்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. மூன்று மாதம் கழித்து, மழை விடாத ஒரு மத்தியானம் தனியாகக் கீழ் லயத்துக்கு இறங்கிப் போனேன்.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் பாயை விரித்தாள்.

"உன் கையால ஒரு தேத்தண்ணி குடிக்கணும்."

உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து, ஆவி பறக்கக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பேப்பர் கப்.

"அன்னைக்கு நீங்க விட்டுட்டுப் போனது டீச்சர். மிச்சம் இருந்துச்சு" என்றாள். குரலில் கோபமே இல்லை.

அழுதுகொண்டே குடித்தேன். அவளுக்குப் பின்னால் பலகையில் பன்னிரண்டு கோப்பைகளும் அப்படியே கவிழ்ந்திருந்தன.