மாமா பேசி ஜெயித்த கூட்டம்

எண்பதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதத்தில் நடந்தது இது. எங்களுக்கு ஊர் ராஜபாளையம். அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். விருந்தாளிகள் இருக்கும்போது மாமியாரை எதிர்த்துப் பேசிவிட்டு, கோபித்துக்கொண்டு வந்தவள், ஆறேழு மாதமாக எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அத்தான் நல்லவர்தான், ஆனால் பெற்றவள் சொல்லைத் தாண்டமாட்டார். "பெரியவங்க யாராவது வந்து அம்மாகிட்ட தணிவா ஒரு வார்த்தை கேட்டாப் போதும், ஒத்துக்கிடுவாவ" என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்பா இல்லாத வீடு. அதனால் அம்மா தன் அண்ணனைக் கூப்பிட்டாள். மாமா பேச்சில் பெரிய ஆள். கல்யாண வாழ்த்துரை, கோயில் விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கே மைக் கட்டினாலும் அங்கே இருப்பார். அவர் பேசினால் கல்லும் கரையும் என்று நாங்களே பீற்றிக்கொண்டு திரிவோம்.

ஒரு கூடை சப்பட்டை மாம்பழத்தோடு நாலு பேரும் பஸ் ஏறினோம். அக்கா துணிமணி அத்தனையையும் பெட்டியில் எடுத்து வைத்திருந்தாள். திரும்பி வரும் எண்ணமே அவளுக்கு இல்லை.

அக்காவின் மாமியார் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. அத்தான் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். பாதிக் காரியம் முடிந்தது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மெதுவாகப் பேச அவருக்கு வராது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெரு அது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். பிறகு நாலைந்து பேர் சேர்ந்தார்கள். அவ்வளவுதான், மாமா எழுந்துவிட்டார்! மாமியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டார். தகப்பன் இல்லாத பெண், கண்ணுக்குள் வைத்து வளர்த்த பெண், மருமகளும் மகள் இல்லையா என்று கேட்டுக் கேட்டு நிறுத்தினார். வாசலில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவிய சொல்றது நியாயந்தான" என்று யாரோ சொல்லவும் மாமாவின் குரல் இன்னும் ஏறியது. எனக்கே அழுகை வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அக்கா மட்டும் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா முடித்ததும் அந்த அம்மா எழுந்தார். சத்தம் போடவில்லை.

"என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டே என்னையத் தெருவுல நிறுத்திட்டிய, அண்ணாச்சி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? இனி நான் சரின்னு சொன்னாலும் ஊருக்குப் பயந்து சொன்னதாத்தான் இருக்கும். உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க."

அத்தான் தலையைத் தொங்கப்போட்டபடி உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸிலும் மாமா ஓயவில்லை. "தெருவே நம்ம பக்கம் பேசுச்சே, பாத்தியா?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா, "நான் தெருவோடயா மாமா குடித்தனம் பண்ணணும்?" என்று கேட்டாள்.

மறு வருஷமே அந்தக் கல்யாணத்தையே தீர்த்துவிட்டார்கள். அக்கா இன்றும் என்னோடுதான் இருக்கிறாள். யார் வீட்டுக்காவது சமாதானம் பேசப் போனால், "கதவைச் சாத்திக்கிடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நான் வாயைத் திறக்கிறேன். அன்றைக்கு எங்களில் ஒருவருக்காவது அது தோன்றியிருக்கக் கூடாதா என்று இன்னமும் நினைத்துக்கொள்கிறேன்.