வலப்பக்கத்து ஸ்டியரிங்

பிப்ரவரி 9, ஞாயிறு.
காலை 9.10: விம்கோ நகர் வீட்டிலிருந்து இருவர் புறப்பட்டோம்.
9.50: ராயபுரம் வாசகசாலை மாடி. ஆறு அணிகள், அணிக்கு இருவர்.
10.05: வினாடி வினா தொடங்கியது.
11.40: உறை பிரிக்கப்பட்டது.
11.58: கடைசிக் கேள்வி.
12.15: மதிப்பெண்கள் வாசிக்கப்பட்டன.

நடந்தது இவ்வளவே. ஆயினும் இதை எழுதும்போது என் கை வழக்கத்தைவிட வேகமாக ஓடுகிறது. இயந்திரவியல் கற்பித்தும் ஆய்வறிக்கைகள் எழுதியும் காலம் கழித்த கைக்கு இந்த வேகம் புதிது.

அந்த வாசகசாலையின் மாதாந்திரப் போட்டியில் என் மனைவியும் நானும் நெடுங்காலம் ஓர் அணியாக இருந்தோம். நவம்பர் கடைசியில் அவள் காலமானாள். அதன்பின் நடந்த இரண்டு போட்டிகளில் நான் தனியாக அமர்ந்து, இரண்டிலும் கடைசி இடம் பெற்றேன். தொடர்ந்து மூன்று முறை கடைசியாக வரும் அணியின் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும் என்பது விதி. எங்கள் அணியின் பெயரை அவள்தான் வைத்தாள். பதிவேட்டில் இருப்பதும் அவள் கையெழுத்து. அதன்மீது ஒரு கோடு விழுவதை நான் விரும்பவில்லை.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வோர் அங்கத்தினரும் தமக்குப் பிடித்த பொருளில் ஐந்து கேள்விகளை விடையோடு அட்டைகளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்து வைப்பார்கள். ஒருவர் இறந்தால், அதற்குப் பின் வரும் மூன்றாவது போட்டியில் அவருடைய உறையைப் பிரிப்பார்கள். முதல் நான்கு கேள்விகள் எல்லா அணிகளுக்கும். கடைசிக் கேள்வி அவருடைய அணிக்கு மட்டும். அன்று பிரிக்க வேண்டியது அவளுடைய உறை. பொருள்: இத்தாலியப் பழம் பந்தயக் கார்கள்.

திருவொற்றியூர்ப் பள்ளியொன்றில் அவள் புவியியல் ஆசிரியை. கார் ஓட்டத் தெரியாது, கற்கவும் விரும்பவில்லை. ஆனால் ஒரு நாட்டின் கார்கள் ஏன் சிவப்பாகவே பந்தயத்துக்கு வந்தன என்று ஒருநாள் தேடி ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கியவள், பின்பு நிறுத்தவே இல்லை.

எனக்குத் துணையாக வந்தவர் எங்கள் கீழ்வீட்டுக்காரர். எண்ணூர்த் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிச் சென்று, வண்டிக்கு வண்டி ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்துவது அவர் வேலை. காலையில் அழைக்கப் போனபோது தயங்கினார்.

“சார், கார்னா எனக்கு நாலு சக்கரம், ஒரு சாவி. வரலாறுல்லாம் நமக்கு இன்னா தெரியும்?”

“நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும்.”

“அப்ப நான் கரெக்டான ஆளுதான்.”

புறப்படுமுன் மாடிக்கு வந்தார். அலமாரியில் அவளுடைய சிறிய சிவப்புப் பொம்மைக் கார் இருந்தது. அதை எடுப்பதற்கு முன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்தார். பெயின்ட்டில் கீறல் விழாதிருக்கத் துறைமுகத்தில் அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். “பழக்க தோசம் சார்,” என்றார். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

போட்டியை நடத்துபவர் பெரம்பூர் ரயில் பணிமனையில் ஓய்வு பெற்றவர். உறையைத் தூக்கிக் காட்டி, “மேடம் கேள்வி, சார் பதிலு. இன்னா சார், வூட்லயே ஒத்திகை பாத்துட்டீங்களா?” என்றார். அவள் அதை எனக்குக் காட்டியதே இல்லை என்றேன். “தெரியும் சார். மேடமா காட்டுவாங்க?”

முதல் கேள்வி: இத்தாலியின் ஆயிரம் மைல் சாலைப் பந்தயத்தில், 1957இல் வென்ற சிவப்புக் காரின் எண் 535. அந்த எண் எங்கிருந்து வந்தது? எழுதுகோலை எடுத்து உடனே எழுதினேன். அது புறப்பட்ட நேரம், காலை 5.35. உபரித் தகவலாக அவள் எழுதியிருந்ததையும் நடத்துநர் வாசித்தார்: வென்றால் பந்தயத்தை விட்டுவிடுவதாக மனைவிக்கு வாக்களித்திருந்த அந்த ஓட்டுநர் அப்படியே விட்டுவிட்டார்.

இரண்டாவது, ஓர் இத்தாலியக் கார் நிறுவனத்தின் திரிசூலச் சின்னம் எந்த நகரத்துச் சிலையிலிருந்து வந்தது என்பது. வெனிஸ் என்று எழுதினேன். சரியான விடை போலோன்யா. அருகிலிருந்த அணி எங்களைப் பார்த்துச் சிரித்தது. மூன்றாவது, 1964இல் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் அந்தச் சிவப்புக் கார்கள் ஏன் வெள்ளையும் நீலமுமாக ஓடின என்பது. தம் நாட்டு மோட்டார் சங்கத்தின்மீது முதலாளிக்குக் கோபம் என்று சரியாக எழுதினேன்.

நான்காவது எனக்குத் தெரியவில்லை. 1923இல் சிசிலித் தீவுப் பந்தயத்தில் ஓர் ஓட்டுநர், வெள்ளைச் சதுரத்துக்குள் பச்சை நாலிலைச் சின்னம் தீட்டிய காரில் வென்றார். அதே ஆண்டு, சின்னம் தீட்டப்படாத ஒரு காரைச் சோதித்தபோது இறந்தார். பிறகு அந்தச் சதுரம் முக்கோணமாயிற்று. ஒரு மூலை ஏன் போயிற்று?

“அந்த மூல அவுருது சார்,” என்றார் துணைவர், என் காதருகில். “ஆளு இல்லல்ல. அவுரு எடத்த காலியா வுட்டுட்டாங்க.”

எழுதினேன். சரி.

இப்போது கடைசி இடத்தில் நாங்களும் வேறோர் அணியும் சமமாக நின்றோம். நடத்துநர் ஐந்தாம் அட்டையை எடுத்தார். இத்தாலியில் சாலையின் வலப்பக்கமாகச் செல்வார்கள்; ஆகவே ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கவேண்டும். பழைய பந்தயக் கார்களில் அது ஏன் வலப்பக்கம் இருந்தது?

எங்கள் வீட்டில் இருபது ஆண்டு நடந்த தர்க்கம் அது. பந்தயத் தடங்கள் பெரும்பாலும் வலஞ்சுழி, ஆகவே ஓட்டுநர் வளைவின் உட்புறம் அமர்வது நல்லது என்பது என் கட்சி. மலைச்சாலையில் பள்ளத்தின் விளிம்பைக் கண்ணால் பார்க்கத்தான் என்பது அவள் கட்சி. ஓட்டத் தெரியாதவள் ஓட்டுநரின் கண்ணைப் பற்றிப் பேசலாகாது என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

இரண்டையும் துணைவரிடம் சொன்னேன்.

“மேடம் சொன்னதுதான் சார். நான் ரெண்டு பக்க ஸ்டியரிங்கும் ஓட்றேன். கப்பலுக்குள்ள சாய்தளம் வளைஞ்சிகினே மேல போவும். சொவுரு கீற பக்கம் நான் குந்திகினு இருந்தா, ஒரு விரக்கடையில பாத்துகினே பூடுவேன். அந்தப் பக்கம் குந்துனா உசுரக் கையில புடிச்சிகினு போவணும்.”

“அது சுவர்.”

“மலையில சொவுரு கூட இல்லியே சார். பள்ளம்.”

என் கட்சிக்கு என்னிடம் நூலாதாரம் இருந்தது. ஆனாலும் எழுந்து நின்றேன். “மலைச்சாலையில் விளிம்பைப் பார்ப்பதற்காக,” என்றேன்.

நடத்துநர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மேடம் எழுதியிருக்கிறது, வலஞ்சுழித் தடம்.”

நான் உட்காரப் போனேன். அவர் அட்டையைத் திருப்பினார். பின்புறம் பென்சிலில் இருந்ததை நிதானமாக வாசித்தார்: “மலை விளிம்பு என்றாலும் முழு மதிப்பெண் தரவும். அவர் அதைச் சொல்லமாட்டார்.”

மாடி முழுதும் சிரித்தது. என் சிரிப்பும் அதில் கேட்டது. நவம்பருக்குப் பின் அதை நான் கேட்டிருக்கவில்லை.

ஆறு அணிகளில் ஐந்தாம் இடம். “அஞ்சாவதுன்னா பாஸ்தானே சார்?” என்றார் துணைவர். ஆம் என்றேன். பதிவேட்டில் அன்று கோடு எதுவும் போடப்படவில்லை.

முடிக்க வேண்டியவை:

பதிவேட்டில் அவள் பெயருக்குக் கீழே துணைவரின் பெயரைச் சேர்ப்பது.

போலோன்யாச் சிலை பற்றி அவள் குறித்து வைத்ததைத் தேடிப் படிப்பது.

என் உறைக்குப் புதிதாக ஐந்து கேள்விகள். ஒன்றுகூட இன்னும் எழுதவில்லை.

அவளுடைய நோட்டில், ஸ்டியரிங் பற்றிய பக்கத்தில், அவள் சொன்னதே சரி என்று எழுதிக் கையொப்பமிடுவது.

துணைவரின் மோதிரத்தையும் கடிகாரத்தையும் திருப்பித் தருவது. அலமாரியில், சிவப்புக் காருக்குப் பக்கத்தில் இருக்கின்றன.